அந்தப் புள்ளி நேற்று அங்கே இருந்ததா? சூப்பர்நோவா தேடப் புறப்படுகிறவர்களுக்கு

2023 மே 19. நம் ஊரில் அக்னி நட்சத்திர வெயில் அடித்து ஓய்ந்த இரவு, மணி 11 ஆகச் சில நிமிடம். ஜப்பானில் அப்போது விடிகாலை இரண்டரை. யமகாட்டாவைச் சேர்ந்த கோயிச்சி இதகாக்கி என்ற அமெச்சூர் வானியலாளர், எம்101 என்ற கேலக்ஸியின் சுருள் கரத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைப் பிடித்தார். கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி காட்டுவார்களே, சப்தரிஷி மண்டலத்தின் வாலில், அதற்குப் பக்கத்தில்தான் எம்101 இருக்கிறது. தூரம் சுமார் 2.1 கோடி ஒளியாண்டு. சில மணி நேரத்தில் கேனரித் தீவிலுள்ள லிவர்பூல் தொலைநோக்கி அந்தப் புள்ளியின் நிறமாலையை, அதாவது அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த படத்தை, எடுத்தது. செத்துக்கொண்டிருக்கும் பெரிய விண்மீன் ஒன்றின் வெடிப்பு, அதாவது சூப்பர்நோவா, அது என்று உறுதியானது. எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர்.

அப்புறம்தான் வேடிக்கை. பல நாடுகளில் அமெச்சூர்கள் தங்கள் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். இதகாக்கிக்குப் பல மணி நேரம் முன்பே எடுத்த சில படங்களில் அந்தப் புள்ளி மங்கலாக உட்கார்ந்திருந்தது. எடுத்தவர்கள் அழகான கேலக்ஸிப் படம் கிடைத்ததென்று சேமித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார்கள். இதகாக்கி 170-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தவர். அவர் படத்தை எடுத்த கையோடு பார்த்தார்.

எனவே இந்த வழிகாட்டியில் கருவியைப் பற்றிக் குறைவாகவும், பார்ப்பதையும் சந்தேகப்படுவதையும் பற்றி அதிகமாகவும் சொல்லப்போகிறேன்.

தேடுவது என்ன

இரண்டு வகை தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் அதன் மையம் உள்ளே இடிந்து விழ, வெளியடுக்குகள் வெடித்துச் சிதறுவது ஒன்று. அதில் பெரும்பாலானவற்றில் ஹைட்ரஜன் தெரியும். அவை இரண்டாம் வகை. மற்றொன்று ஒன்று-ஏ வகை. வெண்குறு விண்மீன் ஒன்று (சூரியன் மாதிரியான விண்மீன் செத்தபின் மிஞ்சும் அடர்ந்த உட்கரு) துணை விண்மீனிடமிருந்து பொருளை வாங்கியோ, இன்னொரு வெண்குறு விண்மீனோடு சேர்ந்தோ வெடிப்பது. வெண்குறு விண்மீன் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். சூப்பர்நோவாக்களின் நிறமாலை எடுப்பது அதன் வாடிக்கையான வேலைகளில் ஒன்று.

நம் பால்வெளியில் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கடைசி சூப்பர்நோவா 1604-ல். அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஒரு பெரிய கேலக்ஸியில் நூறு வருடத்துக்கு ஒன்றிரண்டு வெடிக்கும் என்று வையுங்கள். நூறு கேலக்ஸியைக் கண்காணித்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு. கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேகம், நிலா, தூக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டி என்று கழித்துக்கொண்டே வர வேண்டும்.

போட்டி யாரென்று சொல்லிவிடுகிறேன். அட்லஸ், இசட்டிஎஃப், அசாஸ்-எஸ்என், பான்-ஸ்டார்ஸ் என்று தானியங்கித் தொலைநோக்கிகள் ஒவ்வொரு இரவும் வானத்தை வாரிப் போடுகின்றன. இன்று பெரும்பாலான சூப்பர்நோவாக்களைப் பிடிப்பவை அவைதான். அமெச்சூருக்கு மிச்சமிருப்பது இடைவெளிகள்: அவை அன்றிரவு எட்டிப் பார்க்காத திசை, அங்கே மேகம் மூடியிருக்கும் நேரம், கேலக்ஸியின் பிரகாசமான மையத்துக்கு அருகில் மென்பொருள் தடுமாறும் இடம். இதகாக்கி இதே போட்டிக்கு நடுவில்தான் எம்101-ல் முந்தினார்.

முதலில் வேறொருவர் கண்டுபிடித்ததைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இது. கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே கண்டுபிடித்த ஒன்றை உங்கள் கருவியில் பிடியுங்கள். ராசெஸ்டர் தளம் என்று எல்லோரும் சொல்லும் இணையப் பட்டியலில் இப்போது வானில் தெரியும் சூப்பர்நோவாக்கள் பிரகாச வரிசையில் இருக்கும். 14 அல்லது 15 ஒளியளவு உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (எண் கூடக்கூட மங்கல். வெறுங்கண்ணுக்கு எல்லை சுமார் 6. ஐந்து எண் கூடினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு.) அதைப் படமெடுத்து, பழைய படத்தோடு வைத்து, எது புதிய புள்ளி என்று நீங்களே சுட்டிக்காட்டுங்கள். அதன் பிரகாசத்தை அளந்து, மற்றவர்கள் சொன்ன அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இதை நான்கைந்து தடவை செய்தால் சூப்பர்நோவா எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். பெரிய ஒளிப்பிழம்பெல்லாம் கிடையாது. பக்கத்திலுள்ள சாதாரண நட்சத்திரத்தைப்போலவே, அதே உருண்டை வடிவில், அதே கூர்மையோடு இருக்கும் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

தொலைநோக்கியே இல்லையென்றால், பொதுமக்கள் அறிவியல் ஆய்வில் கைகொடுக்கும் ஸூனிவர்ஸ் இணையதளத்தில் கிலோநோவா சீக்கர்ஸ் திட்டத்தில் சேர்ந்து, தொழில்முறைத் தொலைநோக்கி எடுத்த படங்களை வகைப்படுத்திப் பழகலாம். கண்ணுக்கு நல்ல பயிற்சி. 2011 புத்தாண்டையொட்டிக் கனடாவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, குடும்ப நண்பர் எடுத்த படங்களைக் கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்தே ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தாள்.

கருவி

20 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி, தானாக இலக்கைத் தேடிப் போய் வானத்தோடு சேர்ந்து திரும்பும் ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கி, குளிர்விக்கும் வசதியுள்ள கருப்பு-வெள்ளை கேமரா. ஒரு நிமிட எக்ஸ்போஷர் பத்தை ஒன்றாக அடுக்கினால் ஓரளவு இருட்டான ஊரில் 17 ஒளியளவுக்கு மேல் எட்டலாம். இன்று கைப்பெட்டி அளவில் கிடைக்கும் ஸீஸ்டார் மாதிரியான ஸ்மார்ட் தொலைநோக்கிகளும் 2023ஐஎக்ஸ்எஃப்பைச் சுலபமாகக் காட்டின. அவற்றை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். உறுதிப்படுத்தவும் பின்தொடரவும் தாராளமாகப் போதும். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்: அடுக்குவதற்குச் சிரில், இடம் கணிக்க ஏஸ்டேப், பழைய வானப் படங்களைப் பார்க்க அலாடின், மூன்றும் இலவசம்.

உங்கள் ஐம்பது வீடுகள்

ஆயிரம் கேலக்ஸி வேண்டாம். ஐம்பதில் தொடங்குங்கள். நம் அட்சரேகை இதில் நமக்கு ஒரு பெரிய கொடை. மார்ச், ஏப்ரல் நள்ளிரவில் கன்னி ராசிக் கூட்டம் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் வந்துவிடும். சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் அடர்ந்த இடம். அங்கே ஒன்று-ஏ வகை வெடித்தால் உச்சத்தில் 12 வரை வரும். இரண்டாம் வகை சுமார் 14. இரண்டுமே 20 செ.மீ. கருவிக்குப் பிரச்சினை இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி முதல் மே வரை நமக்குத் தெளிவான வானம். கன்னியும் சிம்மமும் அந்த நேரத்தில்தான் மேலே இருக்கின்றன. ஐரோப்பியர்களுக்கு அடிவானப் புகையில் கிடக்கும் எம்83, என்ஜிசி 3621, என்ஜிசி 613 போன்ற தெற்குக் கேலக்ஸிகள் நமக்கு நாற்பது டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். அவற்றைக் கட்டாயம் பட்டியலில் சேருங்கள்.

அடிக்கடி வெடிக்கிற வீடுகளும் உண்டு. எம்61-ல் 1926 முதல் 2020 வரை எட்டு. என்ஜிசி 6946-ல் 1917 முதல் பத்து.

ஒவ்வொன்றுக்கும் நீங்களே, உங்கள் கருவியிலேயே, நல்ல இரவில் ஒரு மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் அழகான படத்தோடு ஒப்பிட்டால் கஷ்டம். அந்தக் கேமராவின் நிற உணர்வு வேறு, ஆழம் வேறு. ஹைட்ரஜன் மேகத் திட்டுகள் உங்கள் படத்தில் பளிச்சென்றும் நீல ஒளியில் எடுத்த பழைய புகைப்படத் தட்டில் மங்கலாகவும் இருக்கும். புதிது புதிதாக நட்சத்திரம் முளைத்தது போல் ஏமாற்றும்.

ராபர்ட் எவன்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு தேவாலயப் போதகர் இருந்தார். கேமரா கிடையாது. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளையும் அவற்றின் முன்னாலுள்ள நட்சத்திரங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு, கண்ணாலேயே பார்த்து 42 சூப்பர்நோவா கண்டுபிடித்தார். நமக்கு அந்த நினைவாற்றல் வேண்டியதில்லை. ஆனால் ஐம்பது முகமாவது பழக்கமாக வேண்டும். தெருவில் தெரிந்தவர் மீசையை எடுத்துவிட்டு வந்தால் என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ மாறியிருக்கிறது என்று தோன்றும் அல்லவா, அந்த அளவுக்கு.

படம் எடுத்த அன்றே பாருங்கள். மாதிரிப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிக் காட்டச் செய்தால் புதிய புள்ளி கண் சிமிட்டும். காட்சியை மிகவும் வெளிச்சமாக்காதீர்கள். மையம் வெள்ளையாகக் கரைந்துபோனால் அதற்குப் பக்கத்தில் வெடித்தது தெரியாது.

2014 ஜனவரியில் எம்82 கேலக்ஸியில் வெடித்த 2014ஜே என்ற சூப்பர்நோவா இந்தப் பாடத்தைக் காட்டமாகச் சொல்லிக்கொடுத்தது. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு, மிகவும் பக்கம். கிட்டத்தட்ட ஒரு வாரம் பலருடைய படங்களில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. 21-ம் தேதி லண்டனில் ஸ்டீவ் ஃபாஸி மாணவர்களுக்கு 35 செ.மீ. தொலைநோக்கியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மேகம் மூடிக்கொண்டு வர, மிச்சமிருந்த இடைவெளியில் அகப்பட்ட எம்82 பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது.

புள்ளியைக் கொல்லப் பாருங்கள்

சரி, ஒரு நாள் ஒரு புள்ளி தெரிகிறது. நெஞ்சு படபடக்கும். இந்த இடத்தில் உங்கள் வேலை அது சூப்பர்நோவா என்று நிரூபிப்பது இல்லை. இல்லையென்று நிரூபிக்க எல்லா வழியும் பார்ப்பது. கொல்ல முடியாமல் மிஞ்சினால்தான் அடுத்த வேலை.

முதலில் கேமராவைச் சந்தேகியுங்கள். அடுக்கிய படத்தை விட்டுவிட்டுத் தனித்தனிப் படங்களைத் திறங்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் இருந்தால் காஸ்மிக் கதிரோ செயற்கைக்கோளின் மினுக்கமோதான். எல்லாவற்றிலும் இருந்தாலும் ஹாட் பிக்சலாக, அதாவது சென்சாரில் எப்போதும் பளிச்சென்று காட்டும் கோளாறான புள்ளியாக, இருக்கலாம். அதற்கு எளிய சோதனை, தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி மீண்டும் எடுப்பது. புள்ளி நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தால் வானத்தில் இருக்கிறது. சென்சாரின் அதே இடத்தில் நின்றால் கேமராவில் இருக்கிறது. பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் அதன் பிரதிபலிப்பும் ஏமாற்றும். கேமராவைத் திருப்பி வைத்து எடுத்தால் அது இடம் மாறிவிடும். ஃபாஸியின் குழு செய்ததைக் கவனியுங்கள். வெவ்வேறு நிற வடிகட்டிகளில் அடுத்தடுத்துப் படம் எடுத்ததோடு, பக்கத்திலிருந்த இரண்டாவது தொலைநோக்கியையும் முடுக்கிவிட்டார்கள். இரண்டு கருவிக்கும் ஒரே இடத்தில் ஒரே கோளாறு வராது.

அடுத்தது சிறுகோள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மார்ச் இரவு எம்61-ன் கரத்தின் ஓரத்தில் அழகான, உருண்டையான புள்ளி. பழைய படத்தில் இல்லை. நகர்த்தி எடுத்தேன், இருந்தது. எட்டு வெடித்த வீட்டில் ஒன்பதாவது என்று மனக்கணக்கு போட்டு, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் காட்டியும் ஆயிற்று. காபி போட்டுக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் புள்ளி கரத்தை விட்டு வெளியே வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நன்றாகவே தள்ளிப்போய்விட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதையாவது கண்டுபிடித்தேன் என்றால், "நகராமல் நிற்கிறதா?" என்றுதான் கேட்பார்கள்.

கன்னியும் சிம்மமும் சூரியப் பாதையில் இருக்கும் ராசிகள். சிறுகோள்களுக்கு அது நெடுஞ்சாலை. சூரியனுக்கு எதிர்த் திசையில் இருக்கும்போது ஒரு சாதாரணச் சிறுகோள் மணிக்கு 30, 40 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) நகரும்; ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் போதும் அதைப் பிடிக்க. ஆனால் அது திசை திரும்பும் கட்டத்தில் சில நாட்கள் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே காத்திருப்பதோடு நிறுத்தாமல், சிறுகோள் மையத்தின் எம்பிசெக்கர் என்ற இணையப் பக்கத்தில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்து அங்கே தெரிந்த சிறுகோள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

மூன்றாவது, பழைய நட்சத்திரம். அலாடினில் அதே இடத்தை டிஎஸ்எஸ் என்ற பழைய வானப் புகைப்படத் தட்டுத் தொகுப்பிலும் பான்-ஸ்டார்ஸ் படங்களிலும் பாருங்கள். மங்கலாகவேனும் அங்கே ஒன்று இருந்தால், நம் பால்வெளியிலுள்ள மாறும் விண்மீன் ஒன்று கொஞ்சம் பிரகாசமாகியிருக்கலாம். கேலக்ஸியின் சரியான நட்ட நடுவில் புள்ளி இருந்தால் இன்னும் சந்தேகம். மையக் கருந்துளையின் ஏற்ற இறக்கமாக இருக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா? வானில் புதிதாகத் தோன்றுபவற்றைப் பதிகிற இணையதளம் டிரான்சியன்ட் நேம் சர்வர், சுருக்கமாக டிஎன்எஸ். அதில் அந்த இடத்தைச் சுற்றிச் சில ஆர்க் செகண்டுக்குத் தேடுங்கள். பெரும்பாலான புள்ளிகள் இங்கேதான் சாகும். நேற்றே அட்லஸ் பதிந்திருக்கும். வருத்தப்பட வேண்டாம், உங்கள் கண் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றிதழ்.

அளவும் நேரமும்

மிஞ்சிவிட்டதா? மூன்று எண் வேண்டும். இடம்: ஏஸ்டேப் போன்ற மென்பொருள் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கொடுக்கும், ஓர் ஆர்க் செகண்டுக்குள் இருக்க வேண்டும். பிரகாசம்: அதே படத்தில், அளவு தெரிந்த அக்கம்பக்க நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு. கீழே கேலக்ஸியின் ஒளியும் கலந்திருப்பதால் கொஞ்சம் பிசகும். 0.1, 0.2 ஒளியளவு பிசகினால் பரவாயில்லை.

மூன்றாவது நேரம். பதிவில் உலக நேரம்தான் போட வேண்டும்; நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள். நள்ளிரவுக்குப் பின் தேதியும் மாறும். மே 20 அதிகாலை 2 மணிக்கு எடுத்தால் அது மே 19, 20:30. நாளின் பின்னமாக எழுதினால் 19.854. புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். கணினிக் கடிகாரத்தை இரவு தொடங்கும்போதே இணையத்தோடு சரிபாருங்கள்.

பதிவு

டிஎன்எஸ்-இல் முன்கூட்டியே கணக்கு திறந்து வையுங்கள். நடுராத்திரியில் கடவுச்சொல் மின்னஞ்சலுக்குக் காத்திருப்பது வேதனை. 2016 முதல் உலக வானியல் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ வழி இதுதான். இடம், நேரம், பிரகாசம், எந்த வடிகட்டி, எந்த கேலக்ஸி என்று கேட்கும். இன்னொன்றும் கேட்கும்: கடைசியாக எப்போது பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை, அப்போது எவ்வளவு மங்கல் வரை எட்டினீர்கள்? மூன்று நாள் முன்பு 17.5 வரை பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்ல முடிந்தால் அந்தப் பதிவின் மதிப்பே வேறு. புதிதாக வெடித்தது என்று தெரிந்தால் பெரிய தொலைநோக்கிகள் உடனே திரும்பும்.

எவ்வளவு அவசரப்படலாம்? என் கருத்து இது. வேறு ஊரிலுள்ள நண்பர் ஒருவரை எழுப்பி அவர் கருவியிலும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அது வரவில்லையென்றாலும் உங்கள் சோதனைகள் அத்தனையும் தேறி, ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் இருந்தால் பதிந்துவிடுங்கள். மறுநாள் இரவு வரை காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேர ஒளிதான் விண்மீன் எப்படி வெடித்தது என்று சொல்லும். அது திரும்ப வராது.

பதிந்ததும் ஏடி என்று தொடங்கும் பெயர் வரும். நிறமாலை எடுத்துச் சூப்பர்நோவா என்று உறுதியான பிறகுதான் அது எஸ்என் ஆகும். பின்னாலிருக்கும் எழுத்துகள் வரிசை எண். முதல் 26-க்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, அப்புறம் இரண்டெழுத்து, 702 தாண்டினால் மூன்றெழுத்து. இதன்படி 2023ஐஎக்ஸ்எஃப் அந்த வருடத்தின் 6,714-வது பதிவு. மே 19-க்குள்! நீங்கள் எந்தக் கூட்டத்தில் நிற்கிறீர்கள் என்று இதிலிருந்து புரியும்.

உறுதிப்படுத்தும் நிறமாலையைப் பெரும்பாலும் தொழில்முறையாளர்கள் எடுப்பார்கள். ஹைட்ரஜன் கோடுகள் இருந்தால் இரண்டாம் வகை; அது இல்லாமல் சிவப்புப் பகுதியில் சிலிக்கானின் அகன்ற பள்ளம் இருந்தால் ஒன்று-ஏ. பிரகாசமானதென்றால் சிறிய நிறப்பிரிகைக் கண்ணாடி பொருத்திய அமெச்சூர் கருவியிலேயே அந்தப் பள்ளம் தெரியும்.

உங்கள் வேலை முடியவில்லை. தெளிவான ஒவ்வோர் இரவும் ஒரே வடிகட்டியில் படமெடுத்துப் பிரகாசத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒன்று-ஏ வகை மூன்று வாரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். இரண்டாம் வகையில் பல, நூறு நாள் போல ஒரே மட்டத்தில் நின்றுவிட்டுச் சட்டென்று சரியும். ஏஏவிஎஸ்ஓ என்ற மாறும் விண்மீன் நோக்கர்கள் சங்கத்துக்கு அந்த எண்களை அனுப்பலாம்.

ஒன்றே ஒன்று. எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்ற பூட்டுச் சாவி செய்பவர், 2016 செப்டம்பர் 20 இரவு, தன் 40 செ.மீ. தொலைநோக்கியில் புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். நகர வெளிச்சம் அதிகமென்பதால் 20 நொடிப் படங்களாக என்ஜிசி 613-ஐ எடுத்துத் தள்ளினார். முதலில் எடுத்தவற்றில் ஒன்றுமில்லை. பிறகு எடுத்தவற்றில் ஒரு புள்ளி வந்து, நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் தருணம் அது. 2018-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். வெடிப்பு தொடங்கிய நேரத்தை அவ்வளவு நெருக்கமாகக் குறிக்க முடிந்ததற்குக் காரணம், ஒன்றுமே தெரியாத அந்த முதல் படங்களையும் அவர் வைத்திருந்ததுதான். அதனால் தொலைநோக்கி வாங்கப் பணம் சேர்க்கும்போது ஒரு ஹார்ட் டிஸ்குக்கும் சேர்த்துச் சேமியுங்கள்.